பூட்டிய கதவுக்குள் ஆடிய ஆட்டம்

விளையாட்டு மைதானத்தில் எல்லோரும் சமம் என்று பேச்சுப் போட்டிகளிலே மாணவர் முழங்கக் கேட்டிருக்கிறோம். கைதட்டியுமிருக்கிறோம். ஆனால் வரலாறு அவ்வளவு இலகுவாக இதனை ஒப்புக்கொள்வதில்லை. மைதானத்தைச் சுற்றி வேலி உண்டு. வேலிக்கு வாயில் உண்டு. அந்த வாயிலில் யாரை விடுவது, யாரை மறிப்பது என்று தீர்மானிப்பது சமுதாயமே. இதனைத் தெளிவாக விளங்கிக்கொள்ள, அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்களுக்கென எழுந்த ஒரு கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் என்றொரு நகரம். புகையிலையால் வளர்ந்த நகரம் அது. அங்கே ஜேம்ஸ் ஷெப்பர்ட் என்ற கறுப்பினக் கல்விமான் 1910இல் ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். 1925இல் அது அரசின் பணத்தில் இயங்கும், கறுப்பினத்தவருக்கான கலைக் கல்லூரியாயிற்று. அதே நகரில் புகையிலைச் செல்வர்களான டியூக் குடும்பத்தாரின் பெருங்கொடையால் டியூக் பல்கலைக்கழகம் ஓங்கி வளர்ந்தது. அந்தச் செல்வத்திலே தொழிற்சாலைகளில் உழைத்த கறுப்பினத் தொழிலாளரின் வியர்வையும் கலந்திருந்தது. எனினும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு அப்பல்கலைக்கழகம் 1961 வரை கதவைத் திறக்கவில்லை. 'பிரிந்திருப்பினும் சமமே' என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் 1896இல் வகுத்த நியாயம் நடைமுறையில் இவ்வாறுதான் இருந்தது. பிரிவினை முழுமையாக இருந்தது. சமத்துவம் ஏட்டில் இருந்தது.

1937இல் இந்தக் கறுப்பினக் கல்லூரிக்கு ஜோன் மக்லெண்டன் என்ற இளைஞர் வந்துசேர்ந்தார். கூடைப்பந்தாட்டத்தை 1891இல் உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித்தின் நேர் மாணாக்கர் அவர். நைஸ்மித் கற்பித்த கன்சாஸ் பல்கலைக்கழகத்திலே உடற்கல்வி பயின்றவர். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிடமே அதனைக் கற்றவர், அப்பல்கலைக்கழக அணியில் ஆட முடியவில்லை. காரணம் அவருடைய தோலின் நிறம். கற்கலாம், ஆடலாகாது! இந்த விந்தை நியாயத்தை எம்மவர்க்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. கோயிலுக்கு உழைக்கலாம், உள்ளே வரலாகாது என்ற நியாயத்தின் உடன்பிறப்பு அது.

1940இல் மக்லெண்டன் தலைமைப் பயிற்றுநரானார். அக்காலத்துக் கூடைப்பந்தாட்டம் ஆறுதலான ஆட்டம். பந்தை மெல்லக் கைமாற்றி, நின்று நிதானித்து, குறிபார்த்து எறிவர். மக்லெண்டன் அதனை ஓட்டமாக மாற்றினார். பந்து கைக்கு வந்த கணமே எதிர்ப்புறம் பாய வேண்டும். பந்து எதிரணியிடம் போனால் களத்தின் முழு நீளத்துக்கும் அவர்களை நெருக்க வேண்டும். இதற்கு வேண்டியது விலையுயர்ந்த கருவியன்று. மூச்சும் கட்டுப்பாடும் ஒருவரையொருவர் நம்பும் பழக்கமுமே. ஏழைக் கல்லூரி ஒன்று தன்னிடம் உள்ளதைக் கொண்டே ஒரு கலையை வளர்த்தெடுத்தது.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். டியூக் மருத்துவக் கல்லூரியில் பயின்ற வெள்ளையர் மாணவர்களின் அணியொன்று வலிமைபெற்று விளங்கிற்று. 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. நகரத்தார் தேவாலயங்களில் இருந்த வேளை. இரவல் கார்களில், முகத்தை மறைத்தபடி, அந்த வெள்ளையர் மாணவர் கறுப்பினக் கல்லூரியின் உடற்பயிற்சி மண்டபத்துக்கு வந்திறங்கினர். கதவுகள் பூட்டப்பட்டன. பார்வையாளருக்கு அனுமதியில்லை. ஆட்டம் தொடங்கிற்று. முடிவில் கறுப்பின மாணவர் 88 புள்ளிகள், வந்தவர் 44.

எமது நெஞ்சைத் தொடுவது இந்தப் புள்ளிக் கணக்கன்று; அதன் பின் நிகழ்ந்ததே. சற்று இளைப்பாறிய பின் இரு அணியினரும் தம்மைக் கலந்து பிரித்து மீண்டும் ஆடினர். அந்த இரண்டாவது ஆட்டத்தில் வெள்ளையர் அணி என்றும் கறுப்பர் அணி என்றும் எதுவும் இருக்கவில்லை. தென்மாநிலங்களின் சட்டமும் வழக்கமும் கனவிலும் இடங்கொடாத ஒரு சமுதாயம், பூட்டிய மண்டபத்துக்குள் சிறிது நேரம் உயிர்பெற்று இயங்கியது. பின்பு அவரவர் வழியே சென்றனர். பத்திரிகைகளில் ஒரு வரியும் வரவில்லை. ஸ்கொட் எல்ஸ்வேர்த் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் எழுதிய பின்னரே உலகம் இதனை அறிந்தது.

இவ்வளவு அச்சம் ஏன் என்று கேட்கலாம். நான்கு மாதங்களின் பின், அதே ஆண்டு யூலை 8ஆம் நாள், அதே டர்ஹம் நகரில் புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்பினப் படைவீரர் கொல்லப்பட்டார். பஸ்ஸில் பின்னிருக்கைக்குப் போகுமாறு சொல்லப்பட்டதில் எழுந்த தகராறு அது. பஸ் சாரதி அவரைச் சுட்டான். வெள்ளையர் மட்டுமே அடங்கிய யூரிமார் சாரதியை விடுதலை செய்தனர். இந்த மண்ணில்தான் அந்த மாணவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு ஒன்றாக ஆடினர். அது வெறும் பொழுதுபோக்கன்று.

பூட்டிய கதவு நெடுநாள் பூட்டியிருக்கவில்லை. மக்லெண்டன் பின்னர் நாஷ்வில் நகரிலுள்ள டெனசி மாநிலக் கறுப்பினக் கல்லூரிக்குச் சென்றார். அவரது அணி 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து, வெள்ளையர் கல்லூரிகளும் பங்குகொண்ட தேசியச் சுற்றுப்போட்டியில் வென்றது. அடுத்த ஆண்டே, 1960இல், நாஷ்வில் உணவகங்களில் கறுப்பின மாணவர் அமர்ந்திருந்து அறப்போர் நடத்தினர். அக்கல்லூரி மாணவரும் அதில் முன்னின்றனர். டர்ஹமிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பந்தாட்டம் சட்டத்தை மாற்றிற்று என்று நாம் கூறவில்லை. சட்டத்தை மாற்றியது திரண்ட மக்களின் போராட்டமே. ஆனால் 'எம்மால் முடியும்' என்ற நிமிர்வு ஓரிடத்தில் பிறந்தாக வேண்டும். அது வகுப்பறையிலும் பிறக்கலாம், களத்திலும் பிறக்கலாம்.

இங்கே கதையை முடித்துவிட்டால் அது அரைக் கதையாகும். நிறத்தடை நீங்கியபின், பணம்படைத்த பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களைத் தம்பால் ஈர்த்துக்கொண்டன. ஒரு காலத்தில் சாம் ஜோன்ஸ் போன்ற பெருவீரர்களை உருவாக்கிய டர்ஹம் கல்லூரி 1989இல் தேசிய அளவில் இரண்டாம் பிரிவின் வெற்றியாளராக வந்தது. முதற்பிரிவுச் சுற்றுப்போட்டிக்குள் நுழைய 2014 வரை காத்திருந்தது. கதவு திறந்தது, செல்வம் பகிரப்படவில்லை. வாய்ப்பின் சமத்துவம் வளத்தின் சமத்துவமின்றி நொண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இதனை வன்னியிலிருந்து எழுதுகின்ற நமக்கு வேறொரு கேள்வி எழுகின்றது. யாழ்ப்பாணத்தில் 1930ஆம் ஆண்டையொட்டி, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் கொடுத்ததற்காகப் பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. உயர்ந்தோர் கல்லூரிகள் மறித்த பிள்ளைகளுக்காக வடமராட்சியில் சூரன் என்ற பெரியார் தேவரையாளியில் பாடசாலை நிறுவினார். ஷெப்பர்ட்டும் சூரனும் ஒருவரையொருவர் அறியார்; செய்தது ஒரே பணி. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய உழைப்பாளரின் பேரப்பிள்ளைகள் இன்று எம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். அவர்களுடைய தாய்தந்தையரை இழிபெயரால் அழைத்த நாக்குகள் முற்றாக ஓய்ந்துவிட்டனவா? 2009இன் பேரழிவை எல்லோரும் ஒன்றாகவே சுமந்தோம். அதன் பின்னும் காணி உள்ளவன், இல்லாதவன் என்ற கோடு அழிந்துவிட்டதா?

நாம் அறிந்த பாடசாலையொன்றில் சப்பாத்து வாங்க இயலாத மாணவன், காலில் வேகம் இருந்தும், அணியில் சேர்க்கப்படவில்லை. இன்னும் பல இடங்களில் விளையாட்டுப் பாடவேளை கணிதத்துக்கு இரவல் கொடுக்கப்படுகிறது. அந்த இரவல் திரும்புவதேயில்லை. தனியார் வகுப்புக்குப் போக வசதியுள்ள பிள்ளைக்கு இதனால் நட்டம் சிறிது. மாலையில் கூலிவேலைக்குப் போகும் பிள்ளைக்கோ, தான் மற்றவனுக்குச் சமம் என்று தன் உடலால் அறியக்கூடிய ஒரே நேரம் பறிபோகிறது.

ஆசிரிய நண்பர்களே, மாணவ தோழர்களே! பெரிய திட்டங்களுக்காகக் காத்திருக்க வேண்டா. பறிபோன பாடவேளையை மீட்போம். வெறுங்காலுடன் வருபவனையும் பெயர் சொல்லி அழைத்து அணியில் நிறுத்துவோம். அவனுக்கு வேண்டிய சப்பாத்தை ஆசிரியர் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் முதலாவது விடயமாக வைப்போம். டர்ஹம் மாணவர்கள் கதவைப் பூட்டித்தான் சமமாக ஆட முடிந்தது. எமது மைதானத்துக்குக் கதவே இல்லை. ஆகவே எமக்குச் சாக்குப்போக்கும் இல்லை.