நெருப்பில் கண்டமாம்!

நெருப்பைக் கும்பிடக் கற்றுக்கொடுத்தோர் இந்த நாட்டிலே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றனர். நெருப்பை அணைக்கக் கற்றுக்கொடுப்போரைத் தேடி நான் புறப்பட்டபோது எனக்கு வயது 24. சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. பேரிடர்க் காலத் தொண்டர்களுக்கென அரசு நடத்தும் 12 நாள் பயிற்சி. அதன்பின், அழைத்த குரலுக்கு ஓடிவரும் உரிமை. அவ்வளவே, தோழர்களே!

வீட்டிலே எதிர்ப்பு எழுந்தது. "உன் ஜாதகத்திலே நெருப்பில் கண்டம் என்று எழுதியிருக்கிறதடா, தம்பி" என்றார்கள் அம்மா. "கண்டம் நெருப்பில் என்றால், அதை அணைக்கத் தெரிந்தவனாக இருப்பதுதானே நல்லது, அம்மா?" என்றேன். அம்மா சோதிடரிடம் சென்றார்கள். அவர் பரிகாரம் சொல்லி அனுப்பினார்: 48 நாட்கள் வீட்டிலே நெய்விளக்கு ஏற்ற வேண்டுமாம். நெருப்புக் கண்டத்துக்கு நெருப்பே பரிகாரம்! சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் அந்த விளக்கை ஏற்றியவள் என் தாய். அவள் அச்சம் பொய்யல்ல, அதற்கு விலை பேசியவரின் சொல்தான் பொய்.

பயிற்சியின் முதல் நாள் நிலைய அலுவலர் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். எரிபொருள், வெப்பம், காற்றிலுள்ள உயிர்வளி. மூன்றும் கூடினால் தீ, ஒன்றை விலக்கினால் தீ இல்லை. எவ்வளவு எளிய பாடம்! இதிலே விதிக்கு இடம் எங்கே, வினைக்கு இடம் எங்கே? வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றுகிறோம். எண்ணெயினும் கனமான நீர் அடியிலே இறங்கி, நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசுகிறது. அடுப்பை நிறுத்தி, ஒரு தட்டால் மூடினால் போதும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்வது. வாடை வந்தால் மின்விளக்கின் சுவிட்சைத் தொடாமல் கதவுகளைத் திறக்க வேண்டும். தீப்புண்ணுக்கு மையும் பற்பசையும் பூசுகிறோமே, அது கேடு. 20 நிமிடம் ஓடும் நீரைப் புண்மேல் விடுவதே முதல் மருத்துவம்.

ஊர்மக்கள் தாமே கூடித் தீயணைக்கும் முறை புதிதன்று. 1736-லேயே பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளின் அத்தகைய தொண்டர் அணி ஒன்றை அமைத்தார். பின்னர் இடிதாங்கியைக் கண்டு சொன்னவரும் அவரே. இறைவனின் சினத்தைத் தடுக்க மனிதன் யார் என்று அதற்கும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இடி என்னவோ கம்பி வழியே மண்ணுக்குள் இறங்கிப் போயிற்று.

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியிலே, மனநோய் தீரும் என்று நம்பி விடப்பட்ட நோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். ஓட முடியவில்லை, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியிலே, சமையற்கூடத் தீ வகுப்பறையின் கீற்றுக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. சங்கிலியையும் கீற்றையும் வைத்தவன் மனிதன். விதி என்று சொல்லிவிட்டால் அவன் தப்பிவிடுகிறான்!

எனக்கு வந்த முதல் அழைப்பு சித்திரை மாத நடுப்பகலில். ஆற்றங்கரைக் குடிசைகள் எரிந்தன. வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. எங்களூரிலே தேர் ஓடும் வீதியின் அகலத்தில் கால்பங்கு அங்கே இருந்திருந்தாலும் உள்ளே போயிருக்கும். குழாய்களைத் தோளில் சுமந்து ஓடினோம். தீயின் முகத்திலே நின்று நீர் பாய்ச்சுவது பழகிய வீரர்களின் வேலை. தொண்டர்களான எங்கள் கையிலே கொக்கிக் கழிகளைக் கொடுத்து, எரியும் வரிசைக்கு அடுத்த குடிசையின் கூரையைப் பிரிக்கச் சொன்னார்கள்.

அது ஒரு மூதாட்டியின் வீடு. என் காலைக் கட்டிக்கொண்டார். "எரியாத வீட்டை ஏண்டாப்பா பிரிக்கிறே?" என்றார். அந்தக் கேள்விக்குப் பயிற்சியிலே விடை இருந்தது: எரிபொருளை விலக்கு! ஆனால் எரிபொருள் என்று நான் படித்தது அவருடைய குடியிருப்பு. "பாட்டி, இந்தக் கூரை நின்றால் இதற்குப் பின்னாலே உள்ள அத்தனை வீடும் போய்விடும்" என்றேன். காற்று எங்கள் பக்கம் வீசியது. அவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். காலை விட்டார். உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்து, "பிரி" என்றார். கூரையைச் சாய்த்து, கீற்றுகளை இழுத்து அப்பால் எறிந்தோம். ஏழு குடிசைகள் சாம்பலாயின. தீ அந்த வெற்றுச் சுவரோடு நின்றது.

திருவிழா எடுக்காத குற்றத்துக்கு மாரி காட்டிய சினம் என்று கூட்டத்திலே ஒருவர் சொன்னார். நிலைய அலுவலர் பதில் பேசவில்லை. மேலுறை கிழிந்து, ஓலைத் தட்டியிலே செருகப்பட்டிருந்த மின்கம்பியின் கருகிய நுனியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

பாட்டியின் வீட்டுக்குத் தகரக் கூரை போட அந்தத் தெரு இளைஞர்களும் நாங்களும் பணம் திரட்டினோம். பிறகு கயிறு பிடித்துப் பாதையை அளந்தோம், ஐந்தடி. வண்டி நுழையப் பாதையும், கரையிலே ஒரு நீர்த்தொட்டியும், ஒழுங்கான மின்இணைப்பும் கேட்டு நகராட்சிக்கு மனு எழுதினோம். முதல் கைநாட்டு பாட்டியுடையது. பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மீண்டும் போகிறோம். பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.