எரிந்து தணியும் நெருப்பு

முன்னாளிலே வைத்தியர் நோயாளியின் கையைப் பற்றி நாடி பார்த்தார். வீட்டார் வைத்தியரின் முகத்தைப் பார்த்தனர். இந்நாளிலோ இரு திறத்தாரும் ஒருங்கே பார்ப்பது ஒரு காகிதத்தை. அதிலே சில பெயர்கள்; அவற்றுக்கு எதிரே சில எண்கள்; ஓரத்தில் தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்றொரு குறிப்பு. ஒரு குடும்பத்தின் நித்திரையைக் கெடுக்க அக்குறிப்பு ஒன்றே போதும்.

எமது குடும்பத்திலும் அது நிகழ்ந்தது. பம்பலப்பிட்டியில் வாழும் எம் தமக்கையார், தாயை இழந்த எம்மைத் தாயாக நின்று வளர்த்தவர். பித்தப்பையிற் கற்கள் அடைத்து, அப்பை வீங்கிப் பழுத்துவிட்டமையால், சிறு துளைகளின் வழியே தொடங்கிய சத்திரசிகிச்சையை வயிற்றைத் திறந்தே முடிக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் நாட் காலையில் குருதிப் பரிசோதனைக் காகிதம் வந்தது. ‘சீ. ஆர். பி.’ என்னும் புரதத்தின் அளவு, முதல் நாள் இருந்ததைப் போல் ஏறத்தாழ இருமடங்கு.

காகிதத்தின் படம் கணப்பொழுதிற் கடல் கடந்தது. “மாமா, நூறைத் தாண்டிவிட்டதே! உடனே வேறு வைத்தியசாலைக்கு மாற்றுங்கள்” என்று கனடாவிலிருந்து மருமகன் பதறினார். மாமியார் ஒருவர் காலி வீதிக் கதிரேசன் கோயிலில் அர்ச்சனை செய்வித்துத் திருநீற்றோடு வந்தார். அயல்வீட்டு அன்பர் ஒருவர் குளிகைப் போத்தல் ஒன்றைக் கொணர்ந்து, குருதியிலுள்ள நஞ்சையெல்லாம் அது முறிக்கும் என்றார். தமக்கையார் மாத்திரம் கலங்கவில்லை. “தம்பி, அந்தக் கடுதாசியை ஏன் இப்பிடிப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? என்னைப் பாரன். எனக்குப் பசிக்குது” என்றார்.

அறைக்கு வந்த இளம் பெண் வைத்தியர் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார். “சேர், இன்றைக்கு இது ஏறத்தான் வேணும். நாளை, நாளை மறுநாள் இறங்குதோ என்று பாருங்கோ” என்றார். அவ்வொரு வாக்கியமே எம்மை நூல்களை நாடச் செய்தது. அங்கு அறிந்தவற்றுட் சிலவற்றை வாசகரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

சத்திரசிகிச்சை தமிழுக்குப் புதியதன்று. மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், ‘இரணவைத்தியம்’ என்னும் நூலை 1867இல் வெளியிட்டார். பித்தப்பையை முழுவதும் அகற்றும் துணிவு உலகுக்கு வந்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகளின் பின்னரே. 1882ஆம் ஆண்டு யூலை 15ஆம் நாள், பேர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் அதனைச் செய்தார். மறுநாள் நோயாளி காய்ச்சலின்றி, நோவும் அதிகமின்றிச் சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தாராம். குருதியின் எண்கள் எவையும் லாங்கன்புக்கிடம் இல்லை; அவர் கண்டது நோயாளியை.

உடலில் எங்கே காயம் பட்டாலும் அங்கே செம்மை, வீக்கம், வெம்மை, நோவு என்னும் நான்கும் தோன்றும் என்று ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உரோமாபுரி ஆசிரியர் செல்சசு எழுதிவைத்தார். இதனையே அழற்சி என்கின்றோம். கிருமி செய்த காயமாயினும் வைத்தியர் கத்தி செய்த காயமாயினும் உடல் முதலில் வேற்றுமை பாராட்டுவதில்லை. காயம்பட்ட இடத்திலுள்ள கலங்கள் ‘இன்ரலூக்கின் 6’ என்னும் தூதினைக் குருதியில் அனுப்புகின்றன. தூது ஈரலை அடைந்ததும், ஈரல் சீ. ஆர். பி. புரதத்தை மிகுதியாகச் சுரக்கின்றது. 1930இல் தில்லற், பிரான்சிசு என்னும் இருவர் நியூமோனியா நோயாளரின் குருதியில் முதன்முதலாகக் கண்டறிந்த புரதம் இதுவேயாம்.

இதன் ஏற்றத்துக்கு ஒரு கால ஒழுங்கு உண்டு. காயம்பட்டு ஆறு மணித்தியாலம் அளவில் ஏறத் தொடங்கி, இரண்டாம் நாளையொட்டி உச்சியை அடைகின்றது. காரணம் நீங்கிவிட்டால், ஏறத்தாழ 19 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றது. ஆகவே இரண்டாம் நாளின் உயர்ந்த எண் தீர்ப்பு அன்று. மலையேறுவோன் உச்சியில் நின்று எடுத்த படமே அது. எம் தமக்கையாருக்கும் நான்காம் நாள் அவ்வெண் இறங்கிற்று. இறங்க வேண்டிய நாளில் அது மீண்டும் ஏறினாலோ, அதனோடு காய்ச்சலும் வயிற்று நோவும் கண் மஞ்சளாதலும் சேர்ந்தாலோ, கிருமித் தொற்றோ பித்தக் கசிவோ உண்டோ என்று வைத்தியர் தேடுவர். அப்போது தாமதித்தல் கூடாது.

அழற்சிக்கு உடன்பிறந்தது ஒட்சியேற்றத் தகைப்பு. வெட்டிய வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பதையும், நாட்பட்ட எண்ணெய் பழுதாகி வாடை வீசுவதையும் இல்லத்தரசியர் அறிவர். ஒட்சிசனின் வேகம்மிக்க துணுக்குகள் நம் கலங்களின் கொழுப்பையும் அவ்வாறே தாக்குகின்றன. பழுதான எண்ணெயில் உண்டாகும் மலோன்டையல்டிகைட்டு என்னும் பொருளையே ஆராய்ச்சியாளர் நோயாளரின் குருதியிலும் அளக்கின்றனர். அத்தாக்குதலைத் தடுக்கும் குளுற்றதயோன் முதலிய காவற் பொருள்களையும் உடன் அளக்கின்றனர். தாக்குதல் மிகுந்து காவல் குறைவதே தகைப்பு.

இவற்றை அளக்கப் பித்தப்பை நோயாளரை நாடுவானேன்? ஒரே உறுப்பை இரு வழிகளில் அகற்றலாம் என்பதே காரணம். 1985இல் செருமானிய நாட்டு எரிக் மியூகே, சிறு துளை வழியே கருவி செலுத்திப் பித்தப்பையை அகற்றினார். அதன்பின், காயத்தின் பருமனுக்கும் குருதியின் நெருப்புக்கும் உள்ள தொடர்பை ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு உண்டாயிற்று. சிறு துளைச் சிகிச்சையின் பின் சீ. ஆர். பி.யும் இன்ரலூக்கினும் குறைவாகவே ஏறுகின்றன. ஆயினும் அவ்வழிக்கும் ஒரு விலை உண்டு. வயிற்றைக் காபனீரொட்சைட்டு வாயுவால் வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீற்றர் இரச அமுக்கத்துக்கு ஊதுவர். அப்போது வயிற்றுறுப்புகளுக்குச் செல்லும் குருதி குறைகின்றது. வாயு நீங்கியதும் அது மீண்டு பாய்கையில் ஒட்சிசன் துணுக்குகள் தோன்றுகின்றன. அமுக்கத்தைக் குறைத்தால் இத்தகைப்பும் குறையுமா என்று பலர் ஆராய்ந்துள்ளனர்.

அங்ஙனமாயின் குளிகையால் அத்துணுக்குகளை அழித்துவிடலாமே எனின், அது அத்துணை எளிதன்று. கிருமிகளைக் கொல்ல வெண்குருதிக் கலங்கள் ஏந்தும் படைக்கலமும் அத்துணுக்குகளே. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த பெரும் ஆய்வு 1994இல் வெளியாயிற்று. ஒட்சியேற்றத்தைத் தடுக்குமென நம்பி பீற்றா கரோற்றீன் கொடுக்கப்பட்டோரிடம் நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடியது. அவர்கள் சத்திரசிகிச்சை நோயாளர் அல்லர் என்பது மெய்யே. எனினும் கடையில் விற்கும் குளிகை யாவும் தீங்கற்றவை என்னும் நம்பிக்கைக்கு அது தக்க எச்சரிக்கையாகும். அயல்வீட்டு அன்பரின் போத்தலை நன்றி கூறித் திருப்பிக் கொடுத்தோம்.

நெருப்பு அடுப்பில் இருந்தாற் சோறு. கூரையில் ஏறினால் அழிவு. காயத்தை ஆற்றும் உடலுக்கும் ஒரு நெருப்பு வேண்டும். வேலை முடிந்ததும் அது தணியவும் வேண்டும். அது தணிகின்றதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. ஒரு நாளின் ஓர் எண் அதற்கு விடை தராது. பல நாளின் வரிசை தரும். அவ்வரிசையை விளக்க வைத்தியர் இருக்கின்றார். வீட்டார் செய்யக்கூடியது ஒன்றுண்டு: காகிதத்தைச் சற்றே மடித்து வைத்துவிட்டு, கட்டிலில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, பசிக்கிறதா என்று கேட்பது.