மஞ்சள் நோட்டு

மங்கலம்பேட்டை பஸ் ஸ்டாப்.
முதியோர் பென்ஷன் வாங்கிட்டு வந்த ஆயா, "எண்ணிச் சொல்லுப்பா"ன்னு பணத்தை நீட்டினாங்க.
ரெண்டு 500. ஒரு மஞ்சள் 200.

அந்த மஞ்சள் நோட்டு மட்டும்தான் மத்திய அரசோட பங்கு.
80 வயசானாத்தான் 500.
2007-லயும் 200. இன்னைக்கும் 200.

அதே மத்திய அரசோட 2025-26 பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடி.
எல்லையில நிக்கிறது நம்மூருப் பசங்கதான். வேணாம்னு சொல்லல.

2025 ஜூன்ல நேட்டோ நாடுகளும் 2035-க்குள்ள ஜிடிபியில 5% பாதுகாப்புக்குன்னு முடிவெடுத்தாங்க.
ஸ்பெயின் மட்டும் மக்கள் நலத்துல கைவைக்க முடியாதுன்னு நின்னுச்சு.
மனசு நெறஞ்சுது.

ஆயா பணத்தை முந்தானையில முடிஞ்சாங்க.
"பிரஷர் மாத்திரை, அரிசி, பஞ்சாயத்து வரி... இதுல எதைய்யா விடறது?"

என்ன பதில் சொல்றது, சொல்லுங்க?