சுவரின் இரு பக்கம்

ஊரிலே நமக்கு எல்லை என்றால் வரப்பு. அதன் இருபுறமும் மண் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கும். வரப்பை ஒரு சாண் வெட்டிவிட்டதாகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களை நாம் அறிவோம். ஆனால் வரப்பு சரிந்து எவரும் மாண்டதாகக் கேட்டதில்லை. பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்து, குன்றுச் சரிவுகளில் குடியேறிய பின்னரே, எல்லையிலும் மேல், கீழ் என்ற பேதம் உண்டென்பது நமக்குத் தெரியலாயிற்று.

மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரை நாம் தடுப்புச் சுவர் என்கிறோம். மராத்தியர் அதைச் 'சம்ரக்ஷக் பிந்த்', அதாவது காக்கும் சுவர் என்கின்றனர். சாதாரண மதில் தன் பாரத்தை மட்டுமே சுமக்கிறது. தடுப்புச் சுவரோ பின்னால் உள்ள மண்ணின் தள்ளுதலை இரவும் பகலும் ஏற்று நிற்கிறது. உயரம் இருமடங்கானால் அத்தள்ளுவிசை நான்கு மடங்காகும். மழை நீர் தேங்கினால் நிலைமை இன்னும் கடினம். பின்புறம் மூன்று மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அந்நீர் மட்டுமே நாலரை டன் விசையோடு தள்ளும். இதனாலேயே சுவரில் இடையிடையே நீர் வடியத் துளைகள் விட்டு, அவற்றின் பின்னே சரளைக்கல் நிரப்புகிறார்கள். துளை அடைபட்டால், சுவர் எந்த வலிமைக்குக் கட்டப்பட்டதோ அக்கணக்கே பொய்த்துவிடும்.

கிழக்குப் புறநகரில் ஒரு சரிவில் எங்கள் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் இருக்கிறது. இருபத்தெட்டுக் குடும்பங்கள், பாதிக்கு மேல் நம்மவர். தென்கோடியில் பன்னிரண்டடி உயரத் தடுப்புச் சுவர். அதன் அடியில், வேறொரு தனியாருக்குரிய மனையில், தகரக் கூரை வேய்ந்த வாடகை வீடுகள். சில ஆண்டுகளுக்கு முன் ஆடி மழையில் சுவர் நடுவே புடைத்தது. துளைகளில் வேரும் சேறும் அடைத்திருந்தன. பொதுக்குழு கூடியது. செலவு யாருடையது என்பதே கேள்வி. கட்டடத்துக்கு வண்ணம் பூசச் சேர்த்த பணந்தான் கையிருப்பு. எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் சுவராதலால் கீழ்மனைக்காரரும் பாதி தரவேண்டும் என்றனர் சிலர். மாநகராட்சி பார்த்துக்கொள்ளும் என்றனர் வேறு சிலர். விதிநூல்களைப் புரட்டிக் குறிப்பெழுதுவதே எங்களில் பலருக்குத் தொழிலாதலால், சட்டத்தைப் பார்த்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

தேசியக் கட்டட நெறித்தொகுப்பு மதிலின் உயரத்தைச் சாலையின் நடுக்கோட்டு மட்டத்திலிருந்து 1.5 மீட்டருக்கு வரையறுக்கிறது. மேற்பகுதி 0.9 மீட்டர் திறந்த அமைப்பாயின் 2.4 மீட்டர் வரை இசைகிறது. அது மதிலைப் பற்றிய விதி. பின்னால் உள்ள மண்ணின் பாரத்தைப் பற்றியதன்று. எங்கள் கேள்விக்கு விடை 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் கிடைத்தது. முதலில் சென்னை மாகாணம் முதலிய இடங்களில் நடைமுறைக்கு வந்து, 1891இல் பம்பாய் மாகாணத்துக்கும் விரிந்த சட்டம் அது. நம்மைப் போலவே தெற்கிலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்டது என்று ஒருவர் நகைத்தார்.

அண்டை மண்ணின் தாங்குதலைப் பெறும் உரிமை ஒவ்வொரு நிலத்துக்கும் உண்டு என்கிறது அதன் 7ஆம் பிரிவு. ஆனால் நிலம் தோண்டப்படாமலும், செயற்கைப் பாரம் ஏற்றப்படாமலும் இயற்கை நிலையில் இருக்கும் வரைதான். எங்கள் மனையோ சரிவில் மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் நான்கு மாடி எழுப்பியது. செயற்கைப் பாரத்துக்கும் இருபது ஆண்டுகள் இடையறாது, அமைதியாகத் தாங்குதல் பெற்றிருந்தால் 15ஆம் பிரிவின்படி உரிமை கோரலாம். எங்கள் கட்டடத்துக்கு அந்த வயது கடந்துவிட்டது. இதைக் கேட்டுச் சிலர் முகம் மலர்ந்தனர். ஆனால் 25ஆம் பிரிவு, உரிமையைப் பேணும் செலவு அதனை அனுபவிப்பவருடையதே என்கிறது. 26ஆம் பிரிவு, கட்டுமானத்தைச் செப்பனிடாததால் மற்ற மனைக்குச் சேதம் நேர்ந்தால் ஈடு செய்யவேண்டியவரும் அவரே என்கிறது. மாநகராட்சியைப் பற்றிய பேச்சும் அதோடு ஓய்ந்தது. இடியும் நிலையிலுள்ள கட்டுமானத்தைச் செப்பனிடுமாறு உரிமையாளருக்கே அறிவிப்பு அனுப்ப, 1888ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் 354ஆம் பிரிவில் ஆணையருக்கு அதிகாரம் தந்திருக்கிறது.

சட்டத்தைவிட அண்மைக் கால நினைவுகளே எங்களை அதிகம் உறுத்தின. 2018 ஜூனில் வடாலாவின் ஆண்டாப் ஹில் பகுதியில், அடுத்த மனையில் தோண்டிய பள்ளத்துக்குள் குடியிருப்பு ஒன்றின் மதிலும் கார்களும் விழுந்தன. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. 2019 ஜூலை 2இல் மலாடில் சுவர் இடிந்து ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 2இல் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், மழையில் ஊறிய மதில் விழுந்து ஒடுக்கப்பட்ட மக்கள் 17 பேர் உறக்கத்திலேயே மடிந்தனர். மலாடிலும் நடூரிலும் சுவரைக் கட்டியவர்கள் மறுபக்கத்தில் இருந்தார்கள். மாண்டவர்கள் சுவரின் அடியில் இருந்தார்கள்.

கூட்டத்தின் முடிவில், தரைத்தளத்தில் வசிக்கும் முதிய அம்மாள் ஒருவர் எழுந்தார். "வண்ணம் பூசாட்டா வீடு அழுக்காத்தான் இருக்கும், தம்பி. சுவர் விழுந்தா அந்தப் பிள்ளைங்களே இருக்காதுங்களே" என்றார். அதன்பின் எவரும் பாதிச் செலவைப் பற்றிப் பேசவில்லை. பொறியாளரை அழைத்தோம். துளைகள் திறக்கப்பட்டன, புடைத்த பகுதி பிரித்துக் கட்டப்பட்டது, மேலே மழைநீர்க் கால்வாய் அமைந்தது. சாரம் கட்டக் கீழ்வீட்டார் தத்தம் துவைகல்லை நகர்த்தி இடம் தந்தனர். எங்கள் கட்டடம் மட்டும் இன்னும் வண்ணம் காணவில்லை.

இந்நகரின் சரிவுகளில் நம்மவர் மேலும் வாழ்கிறோம், கீழும் வாழ்கிறோம். மேலிருப்போர் ஆண்டுதோறும் வைகாசி முடியுமுன் துளைகளில் கம்பி விட்டுப் பார்த்துத் துப்புரவு செய்வோமாக. கீழிருப்போர், சுவரில் புடைப்போ வெடிப்போ கண்டால் வாய்ச்சொல்லோடு நில்லாமல் எழுத்து மூலம் தெரிவிப்போமாக. எல்லைக்கோடு வரைபடத்தில் நின்றுவிடும். மழையில் கரைந்த மண் அங்கே நிற்பதில்லை.