இரண்டு கணக்குகள்

சென்ற ஆண்டு மனச்சோர்வுக்காகச் சிகிச்சை பெற்றேன். பாடசாலை ஆசிரியன் ஒருவன் இதைப் பகிரங்கமாக எழுதுவது நமது சமூகத்தில் சுலபமன்று. எனினும் அங்கே நான் கண்ட பிரச்சினை என்னுடையது மாத்திரமன்று என்பதால் எழுதுகிறேன்.

நாலாம் மாதம் வைத்தியர் கேட்டார்: “வேலைக்குப் போறியளா, மாஸ்டர்?”

“ஓம் டொக்டர். ஒரு நாளும் தவறேல்லை.”

அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. ஓர் இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். நல்ல மனிதர்தாம். வெளியே காத்திருந்தோரின் வரிசையையும் நான் கண்டிருந்தேன்.

நான் சொன்னது பொய்யன்று. வரவுப் பதிவேட்டில் என் கையொப்பம் இருந்தது. ஆனால், மேசையில் நாற்பது கொப்பிகள் மூன்று வாரமாகத் திருத்தப்படாமல் கிடந்தன. ஆண்டுக்கணக்காகப் படிப்பித்த பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துவிட்டு வகுப்பை விட்டிறங்கினேன். சந்தேகம் கேட்ட பையன்மீது எரிந்து விழுந்தேன். மகள் பேசுவது அயல்வீட்டு வானொலிபோற் கேட்டது. இவற்றை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாக்ஸ் ஹமில்ட்டன் 1960இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் வழக்கிலுள்ளது. வைத்தியர் நோயாளியோடு பேசி 17 அம்சங்களுக்குப் புள்ளியிடுகிறார். வேலையும் பிற செயல்களும் அவற்றுள் ஒன்றே. அதற்கு 0 முதல் 4 வரை. மொத்தம் 7 அல்லது அதற்குக் குறைவானால் நோய் தணிந்துவிட்டதென்று கொள்வது வழக்கம். நோயாளியின் கணக்கோ வேறு. அமெரிக்காவில் மார்க் சிம்மர்மனும் அவருடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், குணமடைதல் என்றால் என்னவென்று நோயாளரையே வினவினர். அறிகுறிகள் அகல்வதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. எதிர்காலத்தில் நம்பிக்கை பிறப்பது, தாம் பழைய தாமாக ஆவது, வழமைபோல் இயங்குவது ஆகியவற்றையே பெரிதாகக் கருதினர்.

அதற்காக நோயாளி சொல்வதே வேதவாக்கு என்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 36 வினாக்கள் கொண்ட படிவம் ஒன்றுண்டு; கடந்த 30 நாட்களில் பட்ட சிரமங்களை அதில் நாமே குறிக்கலாம். நான் அநேகமாக எல்லாவற்றிலும் மிக மோசமான விடையையே குறித்தேன். அருகிலிருந்து பார்த்த மனைவி, “நேற்றுச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தது ஆர்?” என்றாள். தன்னைத் தாழ்த்தி மதிப்பதும் இந்நோயின் குணமே. பேனையைப் பிடித்திருந்தது நானா நோயா என்று எனக்கே தெரியவில்லை.

ஆயினும் வைத்தியரின் கேள்வி என்னை உறுத்திற்று. வேலைக்கு வந்தானா என்பது முதலாளி கேட்கும் கேள்வியல்லவா? தோட்டத்திலே கொழுந்து நிறுக்கும் தராசு, கூடை சுமந்தவளின் மனத்தை நிறுப்பதில்லை. நிறை சரியாயிருந்தால் அவள் சுகமாயிருக்கிறாள் என்பதே துரைத்தனத்தின் கணக்கு. அந்தக் கணக்கு வைத்தியரின் மேசைவரை எவ்வளவு அமைதியாக வந்து அமர்ந்துவிட்டது!

அடுத்த முறை சென்றபோது கொப்பியொன்றைக் கையோடு கொண்டுபோனேன். அவர் புரட்டிப் பார்த்தார். சிவப்பு மை கடைசியாகப் பட்ட பக்கத்தில் திகதி இருந்தது. அதைச் சற்றுநேரம் பார்த்தவர், பேனையை மூடி வைத்துவிட்டு, “சொல்லுங்கோ, மாஸ்டர்” என்றார்.