மகள் கேட்ட நான்காம் ஆண்டு



சென்ற ஆண்டு ஷவ்வால் மாதத்தில் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடித்து வீடு திரும்பியபோது, என் மனைவி கைபேசியை ஏந்தியபடி முற்றத்தில் நின்றிருந்தார். மறுமுனையில், வடக்கே ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயிலும் எங்கள் மூத்த மகள். “வாப்பா, மூன்று வருஷத்தோடு பட்டம் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். நான்காவது வருஷமும் இருந்தால் ஆய்வு செய்யலாம். நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டாள்.

அந்த வாரத்தில்தான் அவளுக்கு ஒரு நல்ல குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. ஆறு மாதத்திற்குள் நிக்காஹ் முடிய வேண்டுமென்பது அவர்களின் விருப்பம். மூன்று ஆண்டோடு வெளியேற அரசே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கும்போது நாம் ஏன் தயங்க வேண்டும் என்று எண்ணினேன். “வந்துவிடு மகளே” என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. “சரி வாப்பா” என்று சொல்லிவிட்டு வெகுநேரம் மௌனமாக இருந்தாள். அந்த மௌனம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

அவள் அங்குச் சென்றதே எங்கள் தெருவில் பலருக்கு வியப்பு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு 2022இல் இளங்கலைக்கு முதன்முறையாக நடைபெற்றது. தமிழிலும் எழுதலாம் என்றறிந்து விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது. மதரஸா ஆசிரியரின் ஊதியம் எவ்வளவு என்பதை இதனைப் படிப்பவர்கள் அறிவீர்கள். முதலாண்டுக் கட்டணத்தை என் காக்கா செலுத்தினார். “மருத்துவமா, பொறியியலா?” என்று கேட்டவர்களுக்குச் “சமூகவியல்” என்று விடை சொன்னபோது, “அதைப் படித்து என்ன செய்வது?” என்ற மறுகேள்வியே வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது விடை தெரியாது.

உறக்கம் வராத அந்த இரவுக்குப் பிறகு, அந்த நான்காம் ஆண்டு என்பது யாது என விசாரித்தறிந்தேன். நம் மாநிலக் கல்லூரிகளில் இளங்கலை மூன்று ஆண்டுகளாகவே தொடர்வதால் பெற்றோர் பலருக்கு இது புதிது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வரைவமைப்பின்படி, மூன்றாண்டில் 120 கிரெடிட் முடித்தவர் பட்டம் பெற்று வெளியேறலாம்; நான்காம் ஆண்டும் பயின்று 160 கிரெடிட் முடித்தால் அது ஆனர்ஸ் பட்டம். அதற்குள்ளும் ஒரு தனிவாசல் உண்டு. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு அல்லது அதற்குமேல் பெற்றவர் மட்டுமே, ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் பிரிவைத் தேர்ந்தெடுக்க இயலும். அவர் ஓர் ஆசிரியரின் நெறிப்படுத்தலில் 12 கிரெடிட்டுக்குரிய ஆய்வேட்டை எழுத வேண்டும். நான்காண்டுப் பட்டம் பெற்றவருக்கு முதுகலை ஓராண்டில் முடியும். 75 விழுக்காட்டுடன் முடித்தவர், முதுகலை இன்றியே முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கவும் 2022ஆம் ஆண்டின் விதிகள் இடமளிக்கின்றன.

மதிப்பெண் மட்டும் போதாது என்பதையும் மகள் விளக்கினாள். ஆய்வு முறையியல் பாடத்தை முன்னரே முடித்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டுக் கருத்தரங்கு வகுப்பில் இடங்கள் சில. ஆய்வு முன்வரைவைப் படித்துப் பார்த்தே சேர்ப்பார்கள். நெறியாளர் ஒருவர் இசைவு தர வேண்டும். ஓர் ஆசிரியர் எத்தனை மாணவரை ஏற்க முடியும் என்பதற்கும் எல்லை உண்டல்லவா?

இதைக் கேட்டபோது எனக்கு நம் மதரஸாக்களே நினைவுக்கு வந்தன. ஸஹீஹுல் புகாரீயின் பாடத்தில் முதலாண்டு மாணவர் வந்து அமர்ந்துவிட முடியாது. நஹ்வும் ஸர்ஃபும் ஃபிக்ஹும் உஸூலும் கடந்து, உஸ்தாதின் பார்வையில் பல்லாண்டு இருந்த பின்னரே அந்த அவை திறக்கிறது. ஹதீஸ் என்பது அமானிதம். அதைத் தாங்கும் தகுதி உண்டா எனப் பார்த்தே கையில் தருகிறார்கள். மனிதர்களின் வாழ்க்கையைக் கேட்டு எழுதுவதும் ஓர் அமானிதமே. அதற்கும் காவலுள்ள ஒரு வாசல் இருப்பது நியாயமே எனத் தோன்றியது. இரண்டு நாள் கழித்து நானே அவளை அழைத்தேன். “விண்ணப்பித்துப் பார். அல்லாஹ் நாடினால் கிடைக்கட்டும்” என்றேன்.

ஆனால் வாசலில் ஒரு தடை காத்திருந்தது. ஆறாம் பருவ முடிவுகள் வந்தபோது, இணையதளத்தில் அவளுடைய கூட்டு விழுக்காடு 74.6 என்றிருந்தது. தகுதியுடையோர் பட்டியலில் பெயரில்லை. மூன்றாம் பருவத்தில் ஒரு பாடத்தின் உள்மதிப்பீட்டு மதிப்பெண் பதிவேற்றப்படாமலே விடுபட்டிருந்தது. நல்லவேளையாக, திருத்தப்பட்ட கட்டுரையின் படியை அவள் பாதுகாத்து வைத்திருந்தாள். எழுத்து மூலம் முறையிட்டு, அலுவலகத்திற்கும் துறைக்கும் பலமுறை நடந்து, பத்தொன்பது நாள்களுக்குப் பிறகு பிழை திருத்தப்பட்டது, 75.3 ஆயிற்று. அந்தப் படி இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்? ஒவ்வொரு பருவமும் முடிந்தவுடன் பிள்ளைகளின் மதிப்பெண் பதிவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஆபத்தானது.

இடமும் நெறியாளரும் கிடைத்த பின்னரே அவள் தன் தலைப்பை எனக்குச் சொன்னாள். எனக்கும் அவளுக்கும் உண்மையான பிணக்கு அங்கேதான் தொடங்கியது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மணமகன் மணமகள் வீட்டில் குடியேறுவதும், பெற்றோர் தம் ஆயுட்காலத்திலேயே பெண்மக்களுக்கு வீட்டை எழுதிக் கொடுப்பதும் நெடுங்கால வழக்கம். எங்கள் ஊரும் அத்தகையதே. நானும் என் மனைவியின் வீட்டில் வாழ்பவனே. பெண்களுக்கு வீடு என்னும் இந்த வழக்கத்தையும், அதற்காக உழைக்கும் ஆண்மக்களின் வாழ்வையும் ஆராயப் போவதாக அவள் சொன்னாள்.

“வீட்டு விஷயங்களை வெளியில் எழுதுவதா? ஹஜ்ரத்தின் மகளே ஊரைக் காட்டிக்கொடுத்தாள் என்று பேசமாட்டார்களா? இது புறம் பேசுதல் ஆகாதா?” என்று கடிந்துகொண்டேன்.

அவள் அமைதியாக விடை சொன்னாள். மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பல்லாவரத்தில் தங்கி, தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்து ஆராய்ந்து 1972இல் நூல் வெளியிட்டிருக்கிறார். மறு ஆண்டில் இம்தியாஸ் அஹ்மத் தொகுத்த இந்திய முஸ்லிம் சமூகங்களைப் பற்றிய நூலிலும் தமிழ் முஸ்லிம்களைப் பற்றி அவர் எழுதியுள்ளார். “நம்மைப் பற்றி எங்கிருந்தோ வந்தவர்கள் எழுதும்போது யாரும் தடுக்கவில்லை. நான் எழுதினால் மட்டும் புறமா வாப்பா?” என்றாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடி ஸூரத்துல் ஹுஜுராத்தைத் திறந்தேன். ஆண்டுதோறும் நான் பாடம் நடத்தும் அத்தியாயம் அது. அதன் பன்னிரண்டாம் வசனம், பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. அடுத்த வசனமோ, மனிதர்கள் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்கிறது. எத்தனையோ முறை ஓதியும், இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதை நான் நின்று எண்ணிப் பார்த்ததில்லை. துருவாதே என்ற கட்டளைக்குப் பின் அறிந்துகொள் என்ற அழைப்பு வருகிறது. என் மகள் தேர்ந்தெடுத்த கல்வி இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பாதையில் நடக்க வேண்டியது என்பது அப்போது புலப்பட்டது.

நம் முன்னோர் இப்பாதையை அறியாதவர்கள் அல்லர். இமாம் நவவீ (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில், தக்க காரணத்திற்காகப் பிறரைப் பற்றிப் பேச அனுமதியுள்ள ஆறு நிலைகளை எடுத்துரைக்கிறார்கள். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் தரத்தை ஆராய்வதும் அதில் அடங்கும். செய்திகளைச் சோதிக்காமல் ஏற்பதால் வரலாற்றாசிரியர் எவ்வாறு தவறுகின்றனர் என்ற விசாரணையோடு இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவைத் தொடங்குகிறார்கள். 1377இல் எழுதப்பட்ட அந்நூலைச் சமூகவியலின் முன்னோடி என இன்று பலரும் போற்றுகின்றனர். என் மகளின் ஆய்விலோ எவர் பெயரும் இடம்பெறாது. ஊரின் பெயரும் மாற்றப்படும்.

விடுமுறையில் ஊருக்கு வந்தாள். நெறியாளர், முதலில் குடும்பத்தாரிடம் பயிற்சிக்காகக் கேட்டுப் பழகுமாறு சொல்லியிருந்தார். அவை ஆய்வேட்டில் சேரா. என் மாமியாரின் முன் அமர்ந்து, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். விரும்பாத கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். சொன்னதைப் பின்னர் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. மாமியார் சிரித்தார்கள். “என்னிடம் அனுமதி கேட்டு எவரும் இதுவரை எதையும் கேட்டதில்லை” என்றார்கள்.

முப்பத்திரண்டு வயதில் கணவரை இழந்தவர்கள் அவர்கள். “இத்தா முடிந்த மறுநாள், நான் எங்கே போவது என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. இது என் வீடு. என்னை வெளியே போ என்று சொல்ல யாருமில்லை” என்றார்கள். பின்னர் வேறொன்றைச் சொல்லத் தொடங்கி, கைபேசியைச் சுட்டி, “அதை நிறுத்து” என்றார்கள். மகள் உடனே ஒலிப்பதிவை நிறுத்தினாள், குறிப்பேட்டையும் மூடிவைத்தாள். அதன்பின் சொல்லப்பட்டது என்னவென்று நான் கேட்கவில்லை. அவளும் இன்றுவரை சொல்லவில்லை. பன்னிரண்டாம் வசனத்தை என் மகள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்து என் முறை. “உங்கள் குடும்பத்தில் வீடு எப்படிக் கைமாறியது வாப்பா?” என்று கேட்டாள்.

என் காக்கா பதினான்கு ஆண்டுகள் ஸவூதியில் உழைத்து, பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார். அது கட்டி முடிந்த ஆண்டில், எங்கள் வாப்பா அதைத் தங்கையின் பெயருக்குச் செட்டில்மென்ட் பத்திரம் எழுதினார்கள். அதில் சாட்சிக் கையொப்பமிட்டவன் நான். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்பு வழங்கி, அதற்குச் சாட்சியாக நபிகளாரை (ஸல்) அழைத்ததும், மற்றப் பிள்ளைகளுக்கு அவ்வாறு வழங்கப்படவில்லை என்றறிந்து நபிகளார் (ஸல்) சாட்சியாக மறுத்ததும் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. அதை எத்தனையோ மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் நான் கையொப்பமிட்ட அந்நாளில், காக்காவிடம் “உங்களுக்கு மனநிறைவா?” என்று ஒரு சொல் கேட்டதில்லை. இதை மகளிடம் சொல்லும்போது என் குரல் தடுமாறியது. “நிறுத்தட்டுமா வாப்பா?” என்றாள். “வேண்டாம், இருக்கட்டும்” என்றேன்.

மறுநாள் காக்காவின் வீட்டிற்குச் சென்று அக்கேள்வியைக் கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். “தங்கச்சிக்குக் கொடுத்ததில் வருத்தமில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவ்வளவுதான்” என்றார். அவருடைய அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன்.

வழக்கம் தவறா, சரியா என்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. என் மாமியாருக்கு அது அரணாக நின்றது. என் காக்காவிடம் ஒரு காயத்தை விட்டுச் சென்றது. இரண்டும் ஒரே வழக்கத்தின் இரு பக்கங்கள். மிம்பரிலிருந்து பேசும் நாங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தையே பார்த்துப் பேசிவிடுகிறோம். “அதைப் படித்து என்ன செய்வது?” என்று கேட்டவர்களுக்கு இன்று நான் சொல்லக்கூடிய விடை இதுதான்: கேட்காமலே விட்ட கேள்விகளைக் கண்ணியத்தோடு கேட்கக் கற்றுக்கொள்ளலாம்.

அந்தச் சம்பந்தத்தார் காத்திருக்கவில்லை, வேறிடம் பார்த்துக்கொண்டனர். அவர்கள்மேல் குறையில்லை. என் மனைவிக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. தொழுகைக்குப் பின் நீண்ட துஆவில் அதை உணர்கிறேன். அந்த முடிவு எல்லா வகையிலும் சரியானதா என்று எவரேனும் கேட்டால், அல்லாஹ்வே அறிந்தவன் என்பேன்.

பிள்ளைகள் இத்தகைய படிப்பில் இருக்கும் பெற்றோருக்குச் சில சொற்கள். நான்காம் ஆண்டைப் பற்றி மூன்றாம் ஆண்டின் இறுதியில் பேசத் தொடங்காதீர்கள்; 75 விழுக்காடு முதல் பருவத்திலிருந்தே கணக்கில் சேர்கிறது. முறையியல் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுக்க வேண்டும் எனத் துறையிடம் எழுத்தில் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். நெறியாளராகக்கூடிய ஆசிரியரை ஐந்தாம் பருவத்திலேயே சந்தித்துப் பேசட்டும். அவர்கள் ஊருக்கு வந்து கேள்வி கேட்டால், முகம் சுளிக்காமல் ஒரு நாற்காலியை எடுத்துப் போடுங்கள். சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உரிமை நமக்கு உண்டு.

மகளின் ஆய்வேடு இன்னும் முடியவில்லை. கடந்த வாரம் அழைத்தபோது, இரண்டாம் இயலை நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும், மீண்டும் எழுதுவதாகவும் சொன்னாள். குரலில் களைப்பு இருந்தது. அவளுக்காகவும், தொலைதூர விடுதிகளில் விழித்திருந்து படிக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்காகவும் துஆ செய்யுங்கள். பயனுள்ள கல்வியையும், அதைத் தாங்கும் நற்குணத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.