வீட்டுக்குத் தெரியாமல் சுவரை எடுப்பது

மேற்கு மாம்பலத்தில் அந்த வீட்டை 1970களில் கட்டியிருக்கிறார்கள். கீழும் மேலுமாக இரண்டு தளம். தூண் என்று ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலத்துச் சென்னை வீடுகள் பலவும் இப்படித்தான். 9 அங்குலச் செங்கல் சுவரே கூரையைத் தாங்கும். கூடத்தையும் சாப்பாட்டு அறையையும் பிரிக்கிற சுவரில் 10 அடியை எடுத்துவிட்டு ஒரே ஹாலாக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். சுவர் இருந்த இடத்தில் இரும்பு உத்திரம் ஏற்றும் அந்த வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல் நேரே மாடிக்குப் போய், கீழ்ச்சுவருக்கு நேர் மேலே அங்கேயும் சுவர் நிற்கிறதா என்று டேப் பிடித்து அளந்தார். நின்றது. "நாலரை அங்குலத் தடுப்புன்னா ஒரே நாள்ல தட்டிட்டுப் போயிடலாம் சார். இது சுமக்கிற சுவரு" என்றார்.

சுமை கொஞ்சநஞ்சமல்ல. மாடியில் 10 அடி நீளம், 10 அடி உயரத்துக்கு நிற்கும் சுவர் மட்டுமே ஏறத்தாழ 4 டன். தளத்து கான்கிரீட், மொட்டை மாடி, அதன் மேல் பதித்த ஓடு எல்லாம் சேர்ந்தால் 10 டன்னைத் தாண்டும். இவ்வளவும் அந்தப் பத்தடிச் சுவர் வழியாகத்தான் இத்தனை வருஷமாக அஸ்திவாரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. இனி அது இரும்பின் வழியாக இரு ஓரங்களுக்குப் போக வேண்டும். மாறுகிற நேரத்தில் கூரைக்குச் சுமைதாங்கி இல்லாத நொடி என்று ஒன்று வரவே கூடாது.

பொறியாளர் கொடுத்த வரைபடத்தில் 200 மில்லிமீட்டர் உயரமுள்ள இரண்டு ஐ-பீம்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒரே பெரிய பீமாகப் போட்டால் என்ன என்று கேட்டேன். மேஸ்திரி இரண்டு காரணம் சொன்னார். இந்த அளவுப் பீம் மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. தாங்குமிடமும் சேர்த்து பதினொன்றரை அடிக்கு 90 கிலோ வரும். கிரேன் நுழையாத அறையில் நாலு பேர் தோள் கொடுத்தால் ஏற்றிவிடலாம். அதைவிட முக்கியமான காரணம், சுவரை ஒரே நேரத்தில் முழுக்கத் திறக்க வேண்டியதில்லை. கூடத்துப் பக்கமிருந்து பாதித் தடிமனை மட்டும் குடைந்து முதல் பீமை வைத்து இறுக்கிவிட்டால், மறுபாதி அதுவரை கூரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு மறுபக்கம்.

முதலில் முட்டு. சுவருக்கு இருபுறமும் ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தி, தலைக்கு மேல் நீளக் கட்டை கொடுத்து, அடியில் பலகை போட்டார்கள். பலகை இல்லாவிட்டால் மொசைக் தரையைப் பொத்துக்கொண்டு ஜாக்கி இறங்கிவிடும். அடுத்து, பீமின் முனைகள் உட்காரும் இடத்தில் செங்கலை எடுத்துவிட்டு, 2 அடி நீளத்துக்கு கான்கிரீட் கட்டை வார்த்தார்கள். கான்கிரீட்டில்லாமல் பழஞ்செங்கல் மேலேயே பீமை வைத்தால், முனையில் குவியும் பாரத்தில் கல் நொறுங்கும். அந்தக் கட்டை பலம் பிடிக்க ஒரு வாரம் வேலையை நிறுத்தினார்கள்.

குடையும் வேலைதான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சுவரில் ஒரு வரிசைக் கல் நீளவாக்கில் இருந்தால், அடுத்த வரிசைக் கல் குறுக்கே, இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை ஓடுகிறது. குறுக்குக் கல்லைச் சுத்தியால் தட்டி உருவினால் மறுபாதியும் ஆடிப்போகும். அதனால் கொத்தனார் கிரைண்டரால் அதை நடுவில் அறுத்து, முன்பாதியை மட்டும் உளியால் நெம்பி எடுத்தார். மாடிச் சுவரில் ஏற்கெனவே இருந்த மயிரிழை விரிசல் மேல் கண்ணாடித் துண்டொன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். சுவர் துளி அசைந்தாலும் கண்ணாடி தெறித்துவிடும். ஒரு பையன் அடிக்கடி மேலே ஓடிப் பார்த்துவிட்டு, "அப்டியேதாண்ணே இருக்கு" என்று குரல் கொடுத்தான்.

பீம் ஏறியதும் வேலை முடிந்தது என்று நினைப்போம். அதற்கும் கூரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அதில் இரும்புத் தகடுகளைச் செருகி, ஓசை கெட்டியாகும்வரை அடித்து இறுக்கினார்கள். மிச்ச இடத்தில் கிரவுட் எனும் சுருங்காத கலவை. சாதாரணச் சிமெண்ட் கலவை காயும்போது சுருங்கி, நூல் அளவு இடைவெளி விடும். முட்டுகளை எடுத்த அன்று கூரை அந்த நூல் அளவுக்கு இறங்கும். மாடிச் சுவரில் கோணலாக ஒரு விரிசல் ஓடும். "வீட்டுக்குத் தெரியாம சுவரை எடுக்கணும் சார், அவ்ளோதான் தொழிலு" என்றார் மேஸ்திரி.

இரண்டாவது பீமும் இறுகி, கிரவுட்டும் காய்ந்த பிறகே கீழ்ச்சுவரை மேலிருந்து வரிசை வரிசையாக இறக்கினார்கள். அதுவும் ஏறத்தாழ 4 டன் இடிசல். இரண்டு சித்தாள் பெண்கள் சும்மாடு வைத்துத் தெருவுக்குச் சுமந்தார்கள். சட்டிக்கு 20 கிலோ என்று வைத்தாலும் 200 நடை. கூலி கொத்தனாருக்கு ஒன்று, இவர்களுக்கு அதைவிடக் குறைவு.

கடைசியில் ஜாக்கிகளை ஒரேயடியாக உருவாமல், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வந்தார்கள். பத்தடிப் பீம் பாரத்தில் சில மில்லிமீட்டர் வளையத்தான் செய்யும். 9 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது பொறியாளர் கணக்கு. நின்றது. பிறகு ரெட் ஆக்ஸைடு அடித்து, கோழி வலை சுற்றிப் பூசினார்கள். பூச்சு அழகுக்கு மட்டுமல்ல. தீ பிடித்து 600 டிகிரியை நெருங்கினால் இரும்பு பாதிப் பலத்தை இழந்துவிடும். அந்தக் கனத்த பூச்சுதான் தப்பி ஓட நேரம் வாங்கித் தரும்.

கணக்குத் தீர்க்கும்போது ஒரு வாக்குவாதம் வந்தது. இரும்புக்குக் கிலோ விலை, கூலிக்கு நாள் கணக்கு என்று வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். கான்கிரீட் இறுகக் காத்திருந்த நாட்களுக்கு ஏறிய ஜாக்கி வாடகையைத்தான் வெட்டிச் செலவு என்றார். இந்தத் தொழிலில் அந்த நாட்களைச் சுருக்கினால் விபத்து நடக்கலாம். சுவர் எடுக்க ஆள் பேசுகிறவர்கள் இரும்பு விலையை விசாரிப்பதற்கு முன், முட்டு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் "ரெண்டே நாள்" என்பவரை அனுப்பிவிடலாம்.